குருவிக்கு ஜோடி வந்த மதியம்

அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே பொன்னேரியில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. அங்கே கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும்.

"தண்ணி கேட்டதே மூணாவது ஊட்டுக்குக் கேக்குது. கோவம் வந்தா இன்னா ஆவும்?" என்றார் நைனா. எனக்கும் பயம்தான். ஆனால் ஆளைப் பிடித்திருந்தது, அதை என்ன செய்வது? பேசிப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் வாய்தா வாங்கினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணுவார். காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வேன். நடுவே ஒரு பறவை வேறு கத்தித் தொலைக்கும்.

"இன்னாங்க அது?"

"கருப்பு வெள்ளைக் குருவிங்க. ஷெட்டு பின்னாடி வேப்ப மரத்துல குந்திகினு ஜோடியக் கூப்டுது. மெஷின் ஓடுனா அது பாடுறது யாருக்குக் கேக்கும்? அதான் மெஷின் நின்னவுடனே ஆரம்பிச்சிடுது. என்ன மாதிரியே, பாவம்!"

அதிலிருந்து, "ஜோடி வந்திச்சா?" என்பதுதான் என் முதல் கேள்வி. "இல்லீங்க!" என்று அலறுவார். மெஷின் நின்றும் கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருக்கும் நாளில் குருவியும் தொண்டை கிழியக் கத்தும்.

வாரம் முடிந்தது. சாயங்காலம் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் நைனா. மதியம் போன் வந்தது. வழக்கம்போலத் தள்ளிப் பிடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"மெதுவா பேசுங்க," என்றார் கிசுகிசுப்பாக. "வந்துகீது. பொட்டைக் குருவி சாம்பல் கலரு. பக்கத்துக் கிளையிலதான் குந்திகினுகீது. நான் கத்துனா பறந்துடும்."

குருவியும் அன்று கத்தவில்லை. மெல்ல என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய சொந்தக் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். கூச்சம் கலந்த, இதமான குரல். எனக்கு ஒரேயடியாகச் சந்தோஷம் பொங்கியது. ஒரு குருவிக்காகக் குரலைத் தாழ்த்துகிறவர் என்னிடமா எரிந்து விழப்போகிறார்?

"நைனாகிட்ட சரின்னு சொல்லிடுறேன்," என்று நானும் கிசுகிசுத்தேன்.

"நெஜமாவாங்க!" என்று போட்டாரே ஒரு கூச்சல், காது அடைத்துப்போனது.

"ஐயோ, பறந்துடுச்சா?"

மரத்தை எட்டிப் பார்த்தாராம்.

"பறந்துடுச்சிங்க," என்றார். "ஆனா ரெண்டும் ஒரே பக்கமாதான் போச்சி."