தலைகீழ்த் தூண்

ஜெர்மனியில் பதினைந்து வருடம் பீட்சா சுட்டுவிட்டு லண்டனுக்கு வந்த ஜீவரத்தினத்துக்கு, மோர்டனில் எல்லாரையும் போல ஒரு செங்கல் வீடு போதவில்லை. 2009இல் வீட்டு விலை சரிந்ததும் ஹவுன்ஸ்லோப் பக்கம், ஓக் மரச் சட்டங்களால் கட்டிய நானூறு வருட வீடொன்றை வாங்கினார். தரையில் ஒரு தேசிக்காயை வைத்தால் அது தானாகவே உருண்டு அடுப்படிக்குப் போய்ச் சேரும். தாழ்ந்த உத்தரத்தில் இடிபட்டு இடிபட்டு அவருடைய நெற்றி புடைத்திருந்தது. அதையும் பெருமையாகத்தான் காட்டித் திரிந்தார்.

வாங்கியதே மகள் மயூராவின் சம்பந்தத்துக்காக. வெஸ்ட் ஈலிங் நவரத்தினத்தின் டாக்டர் மகனுக்கும் அவளுக்கும் சாதகம் பொருந்தியிருந்தது. அவளுக்கும் பெடியனை நன்றாகப் பிடித்திருந்தது. வீட்டைக் காட்டி அசத்திவிட்டால் மிச்சமெல்லாம் தன்னால் நடக்கும் என்பது தகப்பனின் கணக்கு.

புது வீட்டுக் குடிபூரலுக்கு நவரத்தினம் குடும்பத்தோடு வந்தார். பால் காய்ச்சி, பந்தியும் முடிந்தது. அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் கைகூடியிருக்கும். ஆனால் நுணலும் தன் வாயால்தானே கெடும். ஜீவரத்தினம் மூலைத் தூணைத் தட்டினார்.

“ஒரு இரும்பாணி இல்லை, அண்ணை. எல்லாம் மர ஆணி. தூண் மேலை அகலமாக் கிடக்கு, பாத்தீங்களோ? மரத்தின்ரை வேர்ப்பக்கத்தை மேலை விட்டுத் தலைகீழா நட்டிருக்கிறாங்கள். அந்த அகலத்திலைதான் உத்தரமெல்லாம் வந்து பொருந்துது.”

நவரத்தினம் கையிலிருந்த பாயசத்தைக் கீழே வைத்தார்.

“தூணைத் தலைகீழா நட்டால் குடி விளங்காதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“நானூறு வருஷமா நிக்குது, அண்ணை.”

“வீடு நிக்குது. இருந்த சனம் எங்கை?”

இந்த வீட்டில் சம்பந்தம் சரிவராது என்று நவரத்தினம் குடும்பத்தோடு எழும்பிப் போய்விட்டார். அடுத்த நாளே ஜீவரத்தினம் கவுன்சிலுக்கு ஓடி, தூண்களைக் கழற்றி நேராக நடலாமா என்று கேட்டார். அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டம் பாதுகாக்கிற வீடு, ஒரு மர ஆணியைக்கூடத் தொடக்கூடாது என்றார்.

வீட்டில் மயூரா அழுதழுது முகம் வீங்கியிருந்தாள். ஜீவரத்தினம் பெருமையை விழுங்கிக்கொண்டு நவரத்தினத்துக்குப் போன் எடுத்தார்.

“அண்ணை, உண்மையைச் சொல்லுறன். அது பழைய வீடே இல்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளிலை கட்டின செங்கல் வீடு. பலகையைச் சும்மா வடிவுக்கு அடிச்சிருக்கு. நானூறு வருஷம், தலைகீழ்த் தூண் எல்லாம் நான் விட்ட புளுகு.”

நவரத்தினம் உடனே கேட்டார்.

“அப்பிடியோ? வீட்டுக்கே இவ்வளவு புளுகின நீங்கள், உங்கடை பிள்ளையைப் பற்றிச் சொன்னதை நான் எப்பிடி நம்புறது?”