காருக்குக் கலப்பத்து

போன வாரம் பேரனுடைய காரோடு ராமநாதபுரம் சர்வீஸ் கடைக்குப் போயிருந்தேன். "பால் ஜாயிண்ட் போச்சு, புதுசு போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பழையதைக் குப்பைத் தொட்டியில் வீசினார். நான் போய் அதை எடுத்து மோந்து பார்த்தேன். பேரன் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்குக் கிரீஸ் வாசம். எனக்கோ குங்கிலிய வாசமும் சேர்ந்தல்லவா வந்தது!

பால் ஜாயிண்ட் என்பது கிண்ணத்துக்குள் உருளும் ஒரு குண்டு, நம் தோள்மூட்டு மாதிரி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது அதன் தயவில்தான். ஐம்பதுகளில் நான் இந்த ஊரில் மெக்கானிக். இருபத்து நாலு வயது, வாய் அதைவிட நீளம். ஒருநாள் முதல் பஸ்ஸில் கீழக்கரையிலிருந்து ஆள் வந்தது. தோணி வைத்திருந்த செய்யது முதலாளியின் காரில் ஸ்டியரிங் அசையவில்லையாம். அவர் மகள் மதியம் ராமநாதபுரத்தில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடித்து, இலங்கையிலிருக்கும் புருஷனிடம் போகவேண்டும். பிரிந்து இரண்டு வருஷம். அனுமதிச் சீட்டு அன்றோடு முடிகிறது. அந்த வீட்டுப் பெண்கள் பஸ் ஏறுகிற காலமில்லை அது. மாட்டுவண்டியில் போனால் ரயில் போய்விடும்.

கீழக்கரைக்குப் போய் இறங்கியதும் "அரை மணி நேர வேலை முதலாளி" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டுக் காருக்கடியில் நுழைந்தேன். அடேயப்பா! முன்சக்கரத்து ஜாயிண்டுகள் இரண்டிலும் கிழிந்த ரப்பருக்குள் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றியிருந்தது. தோணிப் பலகை இடுக்குகளை அடைப்பார்களே, அந்தக் கலப்பத்து! இரண்டு நாளில் கல்லாக இறுகியிருந்தது.

"உப்புக் காத்துல துருப்பிடிக்குதுன்னு முதலாளி வெசனப்பட்டாக. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்காது தம்பி" என்றார் தோணி கட்டும் ஓடாவி கருப்பையா, பெருமையாக.

"தண்ணி எறங்காதுண்ணே. காரும் நகராது" என்றேன்.

மனுஷர் முகம் சுருங்கிப்போனது. ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என் ஜம்பமும் அத்தோடு இறங்கிவிட்டது.

ஜாயிண்டைக் கழற்றத் தெரியாதவர்கள் போல்ட்டின் நுனியில் அடிப்பார்கள். மரை நசுங்கும், அப்புறம் நட்டு ஏறாது. புதுசுக்கு மதுரைக்குத்தான் போகவேண்டும். அடிக்கவேண்டியது போல்ட் மாட்டியிருக்கும் இரும்புக் காதில். இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியல், ஒரே நொடியில் விழவேண்டும். இன்னொரு கைக்கு எங்கே போவேன்?

"நான் அடிக்கிறேன்" என்று ஓடாவி வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் நாலு அடியும் முன்னே பின்னே விழுந்தன. ஒன்று என் கட்டைவிரலில்.

"தம்பி, தோணி தள்ளுற மாதிரி குரல் குடுப்பமா?"

அவர் "ஏலேலோ" என்று இழுக்க, "லோ"வில் இரண்டு சுத்தியலும் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது ஏலேலோவில் டொக்கென்று ஜாயிண்ட் கழன்று தொங்கியது. நானும் கத்தினேன், அவரும் கத்தினார். அடுத்த பக்கம் ஒரே ஏலேலோ. பஞ்சைப் பிடுங்கி, சுடவைத்த மண்ணெண்ணெயில் குங்கிலியத்தை இளக்கியது முழுக்க அவர் கைவேலை. கிரீஸ் அடைத்து, ரப்பருக்குப் பதில் தோல் சுற்றிக் கட்டி, நட்டை முடுக்கியது நான். முதலாளி ஸ்டியரிங்கை ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தார்.

"இனி நீ காரைத் தொடாதே, இவன் தோணியைத் தொட வேணாம்" என்றார் ஓடாவியிடம். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

கார் புறப்படும்போது திரைக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டது: "வாப்பா, அந்த ரெண்டு பேர் பேரும் என்ன? துஆ செய்யணும்." எங்கள் பேரைச் சொல்லி ஆண்டவனிடம் வேண்டிக்கொள்வதற்காம்.

எத்தனையோ வண்டிகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அப்படி நெஞ்சை நிமிர்த்திப் பஸ் ஏறியது அன்று ஒருநாள்தான்.

ஓடாவி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கப்பல் நின்றது, தனுஷ்கோடி ஸ்டேஷனைப் புயல் கொண்டுபோனது. போன மாதம் பேரன் அங்கே அழைத்துப்போனான். தண்டவாளம் கிடந்த இடத்தில் மணல்தான். "என்ன தாத்தா இருந்துச்சு இங்கன?" என்றான்.

"ரயில் வந்துச்சுல்ல. அதுல ஒரு புள்ளை நேரத்துக்கு வந்து சேந்துச்சு" என்றேன்.