மீன்கடை ரெக்லாவும் வெளியூர்க்காரர்களும்

“முதல்ல கடைசி யாருன்னு கேளு, மகளே. போட்டோவெல்லாம் அப்புறம்.” கத்தியின் பிடியால் பளிங்குப் பலகையைத் தட்டிவிட்டுத்தான் ரெக்லா இதைச் சொல்வார். பனிக்கட்டி மேல் கிடக்கும் கணவாயை நோக்கி நீண்ட பயணியின் கைப்பேசி அப்படியே நின்றுவிடும்.

ஸ்பெயினின் காதிஸ் நகரச் சந்தையில் யாரும் ஒருவர் பின் ஒருவராக நிற்பதில்லை. ஒருத்தி தூணில் சாய்ந்திருப்பாள். இன்னொருவர் எதிர்க்கடையில் ஆலிவ் ருசிபார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வருபவர் “கடைசி யாரு?” என்று குரல் கொடுக்க, எங்கிருந்தோ ஒரு கை உயரும். அந்தக் கைக்குரியவரை மறக்காமலிருந்தால் போதும், அவருக்கு அடுத்தது தன் முறை. இதை அறியாத பயணி, கடையில் ஆளில்லை என்றெண்ணி நேரே பலகையருகே வந்துவிடுவார். உடனே நாற்புறமும் கூச்சல் கிளம்பும்.

“சும்மா இருங்கடி! நீங்க மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுகிட்டா வந்தீங்க?” என்று ரெக்லா அடக்குவார்.

காதில் முத்துத் தோடு, உதட்டில் சிவப்புச் சாயம், காலில் முழங்கால் வரை ரப்பர் காலணி. இந்தக் கோலமின்றி அவரைப் பார்த்தவர் இல்லை. பிறமொழி ஒன்றும் அவருக்குத் தெரியாது. கேட்பவருக்குப் புரியவில்லையெனில், அதே ஸ்பானியத்தை இன்னும் உரக்கப் பேசுவார். வியப்பு என்னவென்றால், பெரும்பாலும் புரிந்துவிடுகிறது.

“திங்கக்கெழம மீன் கேக்காத, ராசா. ஞாயித்துக்கெழம படகு போகாது. கெழக்குக் காத்து அடிச்சா கடற்கரைப் பக்கமே தலைவெக்காத, வாயெல்லாம் மண்ணுதான். இங்க மத்தியானச் சோறு ரெண்டு மணிக்கு மேலதான், பன்னெண்டு மணிக்கே போய் உக்காந்தா உன்னை நோயாளின்னு நெனப்பாங்க. எந்தக் கடையில தரையெல்லாம் டிஷ்யூ பேப்பர் கெடக்கோ, அங்கதான் ஊர்க்காரங்க திங்கறாங்க, நீயும் நின்னுகிட்டே தின்னு. பளபளன்னு இருந்தா ஓடியே போயிரு!”

இவையெல்லாம் பொழுதுபோக்குக்காகச் சொல்லப்படுபவை அல்ல. ரெக்லாவின் கடைக்கு இருபுறமும் இருந்த மீன்கடைகள் இப்போது உள்ளூர்க்காரர் காஸ்பரின் கையில் இருக்கின்றன. அங்கே பயணிகளுக்கு ஒயினும், குச்சியில் குத்திய இறாலும் விற்கிறார். நடுவிலுள்ள இந்தக் கடையும் கிடைத்துவிட்டால் மூன்றையும் ஒன்றாக்கிவிடலாம்.

“உள்ளூர்க்காரங்க வர்றதில்ல. வர்றவங்க வாங்கறதில்ல. யாருக்காக ரெக்லா ஐஸ் கொட்டுற?” என்று அவர் கேட்டது முற்றிலும் பொய்யன்று. வாடகை உயர உயர, பழைய வாடிக்கையாளர் பலர் நகருக்கு வெளியே, விரிகுடாப் பாலத்துக்கு அப்பால் குடிபெயர்ந்துவிட்டனர்.

ஆகவே ரெக்லா ஒரு முடிவுக்கு வந்தார்: வருகிறவர்களை வாங்குகிறவர்களாக்குவது. “தங்கியிருக்கற வீட்டுல அடுப்பு இருக்கா? இருக்குல்ல? அப்ப நெத்திலி வாங்கு. மாவுல பெரட்டு, எண்ணெயில போடு, அவ்வளவுதான். அதுகூட வராட்டி நீ என்ன மனுஷி?” பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிடுவார். மறுநாள் பொரித்தது தீய்ந்ததா, தேறியதா என்று விசாரிக்கவும் மறப்பதில்லை.

சென்ற சனிக்கிழமை, கடையைத் தருவாரா மாட்டாரா என்று இறுதிப் பதிலைக் கேட்கக் காஸ்பர் வந்தார். எங்கும் பாராமல் நேராகப் பலகை முன் வந்து நின்றார்.

“என்ன ரெக்லா, சரியா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு.”

தூணருகிலிருந்து ஒரு கை உயர்ந்தது. துணிப்பையுடன் நின்ற டென்மார்க்குப் பெண்மணி ஒருவர், தட்டுத்தடுமாறிச் சொன்னார்: “கடைசி... நான். எனக்குப் பின்னாடி... நீங்க.”

சந்தையே சிரித்தது. “கேட்டியா காஸ்பர், இந்த ஊர்ல பொறந்தவனுக்கு டென்மார்க்காரி சொல்லித்தர வேண்டியிருக்கு!” என்று ஆலிவ் கடைப் பக்கமிருந்து பழைய வாடிக்கையாளர் மிலாக்ரோஸ் அம்மாள் கத்தினார்.

“நான் மீன் வாங்க வரல,” என்றார் காஸ்பர், முகம் சிவந்து.

“அப்ப மீன் வாங்கறவங்களுக்கு வழிவிடுய்யா,” என்றபடி மிலாக்ரோஸ் அம்மாள் பலகையருகே வந்தார். “இப்ப என் முறை. ரெக்லா, அந்த விளைமீனைக் குடு. நல்லா சுத்தம் பண்ணு.”

ரெக்லா கத்தியை எடுத்தார். விளைமீனை வாலில் பிடித்துப் பலகையில் கிடத்தி, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினார். செதில்கள் தெறித்துக் காஸ்பரின் கறுப்புக் கோட்டில் போய் ஒட்டின. அவர் ஓரடி பின்வாங்கினார். ரெக்லா மீனைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைச் சுரண்டத் தொடங்கினார்.