பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு சுங்குடிச் சேலை

வில்லாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நாகமணி, துணியில் தன் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து, அவிழ்த்துப் புள்ளி எடுத்த சுங்குடிச் சேலைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து விற்பவர். சென்ற சித்திரையில் கோவைக் கடை ஒன்று மொத்தமாக வாங்க முன்வந்தது. ஆனால் படத்தைப் பார்த்த கடைக்கார அம்மாள், "அச்சடிச்ச புள்ளி மாதிரி இருக்குதுங்க, வேண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் படம் மொட்டைமாடியில் உச்சி வெயிலில் எடுத்தது. நேர் மேலிருந்து வந்த வெளிச்சத்தில் புள்ளிகள் தட்டையாகத் தெரிந்தன.

"புது போன் வாங்கிருவமா?" என்றார் கணவர் பாலசுந்தரம்.

"போன் என்ன செய்யும்? வெளிச்சத்தைத்தான் மாத்தணும். நாளைக்குக் காலையில வீட்டுக்குள்ள எடுப்போம், டியூப்லைட்டை மட்டும் அணைச்சிருங்க."

மறுநாள் காலை, முடிச்சுகளைச் சரிபார்க்கத் தான் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் நாகமணி சேலையை விரித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. முடிச்சு அவிழ்த்த இடமெல்லாம் சிறு மேடாக எழுந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல். மறுபக்கம் இருட்டடித்ததால், கணவரை வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடிக்கச் சொன்னார். அதில் பட்ட வெளிச்சம் சேலைக்குத் திரும்பியது.

"ஆடாம நில்லுங்க."

"வேட்டிக்கு இம்புட்டு மரியாதையா?"

படம் போன சற்று நேரத்தில் கோவையிலிருந்து அழைப்பு வந்தது. "தொட்டா கையில தட்டுப்படும் போல இருக்குதுங்க. இருக்கிறதை எல்லாம் அனுப்புங்க."

நாகமணி எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார்: "அண்ணே, அம்புட்டும் போகுது."