பெரிய பாப்பாவின் பால் கோப்பை

வெள்ளை எனாமல் பூச்சு, நீல விளிம்பு, அடியில் ஐம்பது காசு அகலத்துக்குத் துரு. சுங்கைப் பட்டாணியில் என் வீட்டு அலமாரியில், கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவே அந்த மங்குக் கோப்பை நிற்கிறது, கல்யாணத்துக்கு வந்துவிட்டு நாற்காலி கேட்கத் தெரியாத ஆள் மாதிரி. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுவதற்காக நிர்வாகம் வாங்கியது. என் அப்பா அதில் பதினான்கு மாதம் குடித்தார். அறுபத்திரண்டு வயதில்.

பத்தொன்பது வயதில் கப்பலேறி வந்தவர். சிடாம் கிரிப் பக்கம் ஒரே தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் மரம் வெட்டினார், ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. பிறகு சட்டம் மாறியது. குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பெரட்டில் அவர் பெயர் வாசித்தார்கள். திங்கட்கிழமை அந்த விடியற்காலை அழைப்பில் அவர் பெயர் இல்லை. அடுத்த வாரம் கண்ட்ராக்டர் அவரைக் குறைந்த கூலிக்கு எடுத்துக்கொண்டு, அதே தோட்டத்தில், அதே மரங்களின் அடியில் புல் வெட்ட விட்டார். மரம் மாறவில்லை, மண் மாறவில்லை, முதுகு மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: இனி அவருக்கு வயதாவது யாருடைய பொறுப்பும் இல்லை. கண்ட்ராக்டர் சேமநிதிக்கு ஒரு காசு கட்டியதில்லை. அதற்கு முன் சேர்ந்திருந்த கொஞ்சமும் அம்மாவின் கடைசி வைத்தியத்தில் கரைந்தது.

பக்கவாதத்தில் அவர் வலப்பக்கம் செயலிழந்து விழுந்தபோது கண்ட்ராக்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்தார். மறுநாள் காலை வேறு ஆளை ஏற்றிக்கொண்டு லோரி போனது.

எனக்கு அப்போது இருபது வயது. வீட்டில் பெரட்டில் பெயர் உள்ளவள் நான் மட்டும். நான் மரம் வெட்டப் போகாவிட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். நான் வேலைக்குப் போனால், அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை. பட்டணத்தில் முதியவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு வீட்டில் கேட்டேன். அந்த அம்மாள் என் வெட்டுக்காரி உடுப்பை ஏற இறங்கப் பார்த்து, "மாசம் பொறந்ததும் டுவிட் கட்டணும்லா, கடன் சொல்ல முடியாது" என்று சிரித்தாள். அவள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். இலவசமாகச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டுப் போன வேறோர் இடத்தில், அட்டையின் நிறத்தைப் பார்த்ததும் திருப்பிக் கையில் கொடுத்தார்கள். சிவப்பு. அவர் சிந்தியதும் அந்த நிறம்தானே என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் மலாயில் சொல்லத் தெரிந்திருக்காது.

தோட்டத்தில் ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரே இடம் ஆயாக் கொட்டகைதான். வெட்டுக்காரிகள் விடியுமுன் தூங்கும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஆயாம்மா யோசிக்கவே இல்லை. "பீ மூத்திரம் அள்ளுற கைதானே, ஒண்ணு கூடுனா என்னா. தூக்கிட்டு வா" என்றாள். வரிசையாகத் தொங்கிய துணித் தொட்டில்களுக்கு அடியில் பாய் விரித்து அப்பாவைப் படுக்க வைத்தோம். மூன்றாம் நாள், உயிரோடிருந்த இடக்கையால் அவர் ஒரு தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டத் தொடங்கிவிட்டார். "ரெண்டு கைக்காரி எனக்கு இல்லாத சம்பளம், ஒத்தக் கைக்காரருக்கு எங்க கெடைக்கப் போவுது" என்றாள் ஆயாம்மா. நடக்கத் தெரிந்த பிள்ளைகள் அவரைப் பெரிய பாப்பா என்றார்கள். படுத்த பின்னும் அந்தத் தோட்டம் அவரிடம் வேலை வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

பத்து மணிக்குப் பால். பெயர் பதிந்த பிள்ளைக்கு ஒரு கோப்பை, பதியாவிட்டால் இல்லை. புதிதாக வந்திருந்த கிராணி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பெயர்களைக் கேட்டு எழுதினார். ஆயாம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி, யார் வீடு என்றதற்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தானே. கிராணிக்குச் சந்தேகமே வரவில்லை. பிள்ளை, அப்பா. தாய், நான். தகப்பன் கட்டம் காலி.

மறுநாள் பெரட்டில் விளக்கு வெளிச்சத்தில் அவர் தாளைத் தூக்கிப் பிடித்தார். "இந்தா பொண்ணு, புள்ளைக்கு அப்பன் பேரு காலியா இருக்கே. யாருன்னு எழுதட்டும்?"

வரிசை குலுங்கிச் சிரித்தது. லயத்துக்கே உண்மை தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் என் பெயர் நேராகிவிடும். பால் நின்றுவிடும், நாளைக்குப் பாயையும் சுருட்டச் சொல்வார்கள். வாளியைக் கீழே வைத்தேன்.

"காலியாவே இருக்கட்டும் ஐயா. புள்ள என்னுதுதான்."

எங்கள் வேலையை மேற்பார்க்கும் தண்டல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

உண்மை பத்து நாளில் கிராணிக்கும் தெரிந்துவிட்டது. கொட்டகை வாசலில் நின்று, தொட்டில் ஆட்டும் நரைத்த பிள்ளையைப் பார்த்தார், திரும்பிப் போனார். பதிவைத் திருத்தவில்லை. அதை உதவி என்று அவர் நினைத்திருப்பார். உதவிதான். ஆனால் குருண் பட்டணத்திலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு லயத்து உண்மை எட்டவில்லை, தாளில் இருந்தது மட்டும் எட்டியது. "கல்யாணத்துக்கு முந்தியே ஏட்டுல புள்ள இருக்காம்ல" என்று தரகர் வந்து சொன்னார். வாசலோடு போய்விட்டார். அடுத்த சம்பந்தம் வர ஏழு வருஷம் ஆயிற்று. காசாகக் கட்ட வழியில்லாததைப் பேராகக் கட்டினேன்.

பெற்றவரைப் பார்ப்பது பிள்ளையின் கடமை என்று இன்றைக்கும் மேடையில் பேசுகிறார்கள். கைதட்டுகிறார்கள். கடமையை நான் மறுக்கவே இல்லை. முப்பது வருஷம் ஒருவனைப் பிழிந்த தோட்டத்துக்கும், வாழைப்பழத்தோடு வந்தவனுக்கும், பழுத்த வயதில் ஒரு மனிதனின் அட்டை நிறத்தைப் பார்த்தவர்களுக்கும் இல்லாத கடமை, இருபது வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும் எப்படி வந்து சேர்ந்தது என்றுதான் கேட்கிறேன்.

அப்பா போன அன்று ஆயாம்மா கோப்பையை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். "தோட்டத்துச் சாமான். கேட்டா தொலைஞ்சிருச்சின்னு சொல்லிக்கிறேன்" என்றாள். யாரும் கேட்கவில்லை.

போன வாரம் என் மருமகள் அலமாரியைத் துடைத்தபடி, "துருப்பிடிச்சுக் கெடக்கே, வீசிறலாமா அத்தே? யாரோட கோப்பை இது?" என்றாள்.

"என் மூத்த பிள்ளையோடது" என்றேன். துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.