பக்கத்து வகுப்பின் கரும்பலகை

பதினேழு வருடமாக மிக்ஸியை வைத்துத்தான் நான் சார்புகள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உள்ளே போடக்கூடியது எல்லாம் சார்பகம், அரைபட்டு வெளியே வருவது எல்லாம் வீச்சகம். கல்லைப் போட்டால் பிளேடு போய்விடும், அதனால் கல் சார்பகத்தில் கிடையாது என்பேன். ஆரம்ப வருடங்களில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அக்காமார்களிடம் கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் மிக்ஸி என்று வாயெடுப்பதற்குள் பின்வரிசையில் ஒருத்தி "கல்லு போடக்கூடாது, அதானே மிஸ்" என்பாள். நான் மட்டும் சிரித்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் அவள் வந்து சேர்ந்தாள். எங்களுடையது காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளி. பதினோராம் வகுப்பில் கணக்குக்கு இரண்டு பிரிவுகள். ஏ பிரிவு எனக்கு. பி பிரிவை எடுத்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால், அந்த இடத்துக்கு இவளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். கூரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இருபது வயது சின்னவள். காலாண்டுத் தேர்வு வரை பார்ப்போம், சரிவந்தால் வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்பது தலைமையாசிரியையின் ஏற்பாடு. "நீங்கதான் சீனியர். கவனிச்சிக்கினு இருங்க. உங்க வார்த்தையத்தான் நான் கேப்பேன்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அவள் வேலை என் வாயில் இருக்கிறது என்பது முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். அது பிடித்தும் இருந்தது.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அவள் சார்புகள் ஆரம்பித்த அன்று நானும் அதே பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பலகையில் இடது பக்கம் பிள்ளைகளின் பெயர், வலது பக்கம் பன்னிரண்டு மாதங்கள் எழுதி, யார் எந்த மாதம் பிறந்தார்கள் என்று அம்பு போடச் சொல்லியிருக்கிறாள்.

"ஒருத்தி ரெண்டு மாசத்துல பொறக்க முடியுமா?"

"முடியாது மிஸ்!"

"ஒரே மாசத்துல நாலு பேரு பொறக்கலாமா?"

"பொறக்கலாம் மிஸ்!"

"அப்போ இது சார்பு. கார்த்திகைல யாருமே பொறக்கல பாருங்க. அதனால கார்த்திகை வீச்சகத்துல வராது."

"எங்க தம்பி கார்த்திகைதான் மிஸ்!"

"உங்க தம்பி இந்த கிளாஸ்ல இல்லியேம்மா. அவன் சார்பகத்துலயே கிடையாதே!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அதுகூடப் பரவாயில்லை. என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் தடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் டஸ்டரால் மேசையைத் தட்டினேன். பொடி பறந்து என் புடவையில்தான் விழுந்தது.

அன்று மாலை சட்னி அரைக்கும்போது மிக்ஸியைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது. கார்த்திகையும் தம்பியும் எவ்வளவு சுலபமான விஷயம். பதினேழு வருடத்தில் எனக்கு ஏன் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை? பொறாமை என்று அன்றே ஒப்புக்கொண்டேன், எனக்குள் மட்டும்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி மறுவாரம் தாமதமாக வந்தாள். "வீட்ல பாவு பிணைச்சிக்கினு இருந்தோம் மிஸ்" என்றாள். அது எனக்குப் பழகிய காரணம்தான், தறி உள்ள வீடுகளில் புதுப் பாவு நூலைப் பழையதோடு இழை இழையாக முடிய எல்லாரும் கை கொடுக்க வேண்டும். நோட்டை வாங்கிப் பார்த்தால் அது பி பிரிவுப் பெண்ணின் நோட்டு. "அந்த மிஸ் நோட்டப் பாத்தா சீக்கிரம் புரியுது மிஸ்" என்றாள். அதில் ஒரு குறும்பும் இல்லை, உண்மையைச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று இருந்தது.

அந்தப் புது டீச்சராவது திமிர் பிடித்தவளாக இருந்திருக்கலாம். மதியச் சாப்பாட்டின்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க சார்பகம் எப்படி நடத்துவீங்க மேடம்?" என்று கேட்டாள். மிக்ஸியைச் சொன்னேன். "சூப்பர் மேடம்! நான் எடுத்துக்கவா?" என்றாள். கண்ணில் கேலி தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. இப்படி ஒருத்தியை வெறுக்கவும் வழியில்லை.

காலாண்டுக்கு ஒரு வாரம் முன்பு, பள்ளி விட்ட பிறகு, சாக்பீஸ் எடுக்க பி பிரிவுக்குள் போனேன். பலகையை அழிக்காமலே போயிருந்தாள். அது அவள் வழக்கம், எனக்கு அதிலும் எரிச்சல். மூலையில் கட்டம் கட்டி ஒரு கணக்கு. x இன் வர்க்கம் என்ற சார்பு. சார்பகம் எல்லா மெய்யெண்களும் என்று எழுதியிருந்தாள். சரி. வீச்சகமும் எல்லா மெய்யெண்களும் என்று எழுதியிருந்தாள். எந்த எண்ணை வர்க்கப்படுத்தினாலும் குறை எண் வராது. பூச்சியமும் அதற்கு மேலும்தான் வீச்சகம். மக்குப் பிள்ளைகள் போடும் தப்பு.

எனக்கு வந்தது சந்தோஷம். வேறு பெயர் சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். போனில் மூன்று படம் எடுத்தேன், அவசரத்தில் ஒன்று மங்கலாகிவிட்டது.

தலைமையாசிரியையின் அறையில் நான் அவளைக் குறை சொல்லவில்லை. அதைவிட மோசமாகச் செய்தேன், பரிந்து பேசினேன். "பாவம் மேடம், சின்னப் பொண்ணு. நல்லாதான் பேசுது. அடிப்படைதான் கொஞ்சம் வீக்கா இருக்குது."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடிப்படையே இல்லன்னா எப்படிம்மா? காலாண்டோட முடிச்சிக்கலாம்" என்றார். அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தற்காலிக ஆட்களை யாரும் கேட்பதில்லை.

கடைசி நாள் அவள் என்னிடம் வந்தாள். "காரணமே சொல்லல மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"சொல்லிப் பாக்கறேம்மா" என்றேன்.

விடுமுறையில் பி பிரிவின் விடைத்தாள்களும் என் வீட்டுக்கு வந்தன. அதே கேள்வி வந்திருந்தது, x இன் வர்க்கம். முதல் தாளில் விடை சரி. இரண்டாவதும் சரி. ஐந்தாவது தாளில் என் சிவப்புப் பேனா நின்றது. மொத்தக் கட்டையும் புரட்டினேன். ஒருத்திகூடத் தப்பாக எழுதவில்லை. என் பிரிவில் பாதிப் பேர் கோட்டை விட்டிருந்தார்கள். டியூஷனில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகளுக்கு ஏது டியூஷன்? தெரிந்துதான் நினைத்துக்கொண்டேன். தலைமையாசிரியையின் எண்ணை எடுத்தேன். அப்புறம் அந்த போட்டோ என்ன என்று கேட்பாரே. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மதிப்பெண்களைக் கூட்டி முடித்தேன்.

பள்ளி திறந்ததும் பி பிரிவையும் எனக்கே கொடுத்தார்கள். முதல் நாள் பழைய பாடத்தையே ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கை எழுதினேன். ஒன்றின் கீழ் வர்க்கமூலம் x கழித்தல் மூன்று. சார்பகம் கண்டு எழுதி, விளக்கி, முடித்தேன். யாரும் நோட்டை மூடவில்லை. எல்லாரும் பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, இன்னும் எழுதலியா?"

"எழுதிட்டோம் மிஸ். தப்பு எங்கன்னு தேடிக்கினு இருக்கோம்" என்றாள் முன்வரிசைப் பெண்.

"எந்தத் தப்பு?"

"எங்க மிஸ் தினமும் கடைசில கட்டம் கட்டி ஒரு கணக்கத் தப்பா போட்டுட்டுப் போவாங்க மிஸ். நாங்க வீட்ல யோசிச்சிக்கினு வந்து மறுநாள் சொல்லணும். சொன்னப்புறம்தான் போர்ட அழிப்பாங்க."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. இதுவும் எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமை. மற்றது அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது, வந்ததும் உட்கார நாற்காலியைத் தேடினேன்.

அதற்குள் ஜன்னல் ஓரத்தில் ஒருத்தி எழுந்தாள். "கண்டுபிடிச்சிட்டேன் மிஸ்! மூணும் அதுக்கு மேலயும்னு போட்டிருக்கீங்க. மூணு போட்டா கீழ பூச்சியம் ஆயிடும் மிஸ். மூணு வரக்கூடாது."

திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. நான் வேண்டுமென்று போட்ட தப்பு இல்லை அது. மக்குப் பிள்ளைகள் போடும் தப்பு.

வகுப்பு முழுக்கக் கைதட்டியது. "எங்க மிஸ் வைக்கிற தப்பு ஈஸியா தெரிஞ்சிடும். நீங்க செமயா மறைச்சி வெச்சிருக்கீங்க மிஸ்" என்றாள் முன்வரிசைப் பெண்.

அவளைவிட நான் மேல் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னது அது ஒன்றுதான். "வேணும்னுதாம்மா வெச்சேன்" என்று சொல்லிவிட்டு, பலகையை அழித்தேன்.