மாடியில் ஆள் இருக்கு

ஜெகதீஸ்வரி அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. எனக்கும் அதே வியாதி உண்டு, அதனால் என் பேச்சை நம்பலாம்.

பினாங்கில் சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு பழைய கடைவீடுகள். கீழே இரண்டையும் சேர்த்து ஒரு கஃபே. மேலே ஒரு வீட்டில் அக்கா, மறு வீட்டில் நான். கஃபேக்காரர் இரண்டு வீட்டையும் மொத்தமாக எடுத்து, மாடிகளை எங்களுக்கு வாய்ப்பேச்சாக உள்வாடகைக்கு விட்டிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் கோலாலம்பூரில் இருக்கிறார். மாடியில் ஆள் குடியிருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்பது எங்களுக்குத் தெரியும். கீழே கடை கைமாறும்போதெல்லாம் மேசை நாற்காலியோடு சேர்ந்து நாங்களும் கைமாறினோம். அக்காவுக்கு இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. எனக்கு ஏழு.

அக்கா ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறார். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் அவருக்குக் கட்டுப்படியாகிற இடம் இந்த மாடி ஒன்றுதான். அதனால் அதை ஒரு திருடியைப் போலக் காப்பாற்றி வந்தார். ஊர்த் துணியையெல்லாம் வெளுப்பவர், தன் துணியை ஜன்னல் பக்கமே கொண்டுபோக மாட்டார். மரப்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். கடிதமெல்லாம் ஹோட்டல் விலாசத்துக்கே வரும். நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார், மறுநாளும் செருப்பு கையில்தான் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டாயிரத்தில் இங்கே பழைய வீடுகளின் வாடகைக் கட்டுப்பாடு போனபோது, அக்காவின் அப்பாவிடம் ஒருவர் தாளோடு வந்தார். தொடர்ந்து குடியிருப்பதற்கான தாள் என்று நினைத்து அப்பா கையெழுத்துப் போட்டார். அது காலி செய்யச் சம்மதிக்கும் தாள். மூன்றே மாதத்தில் சாமானையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு கடலுக்கு அக்கரையில் தாசேக் கெலுகோரில் சித்தி வீட்டுக்குப் போனார்கள். அப்பா அங்கே ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை. அன்றிலிருந்து தாளும் பேனாவுமாக யார் வந்தாலும் அக்கா படியிலேயே நின்று பேசி அனுப்பிவிடுவார்.

போன வருடம் மாநகராட்சி பின்சந்தைச் சீரமைக்கப் போகிறது என்று கணக்கெடுக்க ஐனா என்ற மாணவி வந்தாள். தாளோடு இல்லை, டேப்லட்டோடு வந்தாள். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். மேலே யாராவது குடியிருக்கிறார்களா என்று மலாயில் கேட்டாள். படியில் தோளில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டு, "யாரும் இல்ல, ஸ்டோர்தான்" என்று அக்கா மலாயிலேயே சொன்னார். நல்ல பிள்ளை, துண்டைப் பார்க்காதது போலக் குறித்துக்கொண்டாள். அடுத்து என் கதவுக்கு வந்தாள். நானும் ஸ்டோர் என்றேன்.

அந்தப் பொய் ஆறு மாதம் கழித்துச் சந்து முனையில் திட்டப் படமாக வந்து நின்றது. பூச்செடி, பெஞ்சு, நடந்து போகும் வெள்ளைக்காரர்கள், சுவரில் பெரிய பறவை ஓவியம். அந்தப் பறவையின் வயிற்றில் இருக்க வேண்டியவை எங்கள் இரண்டு பின்கதவுகள். ஆள் புழங்காத கதவுகளை அடைத்துவிடுவதாகத் திட்டம். முன்பக்கம் முழுக்கக் கஃபே. அந்தப் பின்படியை விட்டால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. அக்கா படத்தில் விரலை வைத்து எங்கள் கதவுகளைத் தேடினார்.

"தம்பி, நம்மள வெளிய விட்டு அடைப்பாங்களா, உள்ள விட்டு அடைப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மக்கள் கருத்தைக் கேட்க ஒரு சனிக்கிழமை காலை சமூக மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வாசலில் வருகைப் பதிவு இருந்தது. அக்கா ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். ஹஸ்ருல் என்ற அதிகாரி நடத்தினார். படத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒருவர் விளக்கு கேட்டார். ஒருவர் எலியைப் பற்றிப் பேசினார். அக்கா மூன்று முறை கையைத் தூக்கி மூன்று முறையும் இறக்கினார்.

அப்போதுதான் இரண்டாவது வரிசையில் காசிவிஸ்வநாதனைப் பார்த்தேன். சொந்தக்காரருக்காக இந்த வீடுகளைக் கவனித்துக்கொள்பவர் அவர்.

"அக்கா, வேணாம். ஜாலான் லா, போயிடலாம்" என்று கிசுகிசுத்தேன்.

அக்கா எழுந்து நின்றார். போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன்.

"அந்தப் பறவ இருக்கற எடத்துல ஒரு கதவு இருக்குங்க" என்றார். மலாயில் ஆரம்பித்து, பயத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். யாரோ மொழிபெயர்த்தார்கள். ஹஸ்ருல் கணக்கெடுப்புப் பதிவைப் பார்த்துவிட்டு, அது சாமான் அறை என்று இருக்கிறதே என்றார்.

"நான் பொய் சொல்லிட்டேங்க. அங்க நான்தான் இருக்கேன். பத்தொன்பது வருஷமா."

காசிவிஸ்வநாதன் நாற்காலியோடு திரும்பி அவரைப் பார்த்தார். ஹஸ்ருல் அடுத்த கேள்வியைக் கேட்டார்: பக்கத்து வீட்டு மாடியிலும் ஆள் உண்டா? அக்கா என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"பக்கத்து வீட்டப் பத்தி நான் சொல்ல முடியாதுங்க."

நான் குனிந்து, நன்றாகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. நிமிர்ந்தபோது அக்கா ஒரு படிவத்தில் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பிறகும் அந்தத் தாளை ஒரு முறை முழுக்கப் படித்துப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னதும் பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது இரண்டு பங்காகிவிட்டது. காசிவிஸ்வநாதன் வந்து அக்காவின் அறையைப் படம் எடுத்தார். மேலிடத்தில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கஃபேக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா முக்கியமான சாமானையெல்லாம் ஒரு பையில் கட்டிப் படி முனையில் வைத்திருக்கிறார். கீழே மோட்டார் சைக்கிள் நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நிற்பது எனக்குக் கேட்கும். சொந்தக்காரரிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை.

திருத்திய படம் போன மாதம் வந்தது. அக்காவின் கதவு அதில் இருந்தது, படியோடு. பறவையைக் கொஞ்சம் தள்ளி வரைந்திருந்தார்கள், என் கதவின் மேல்.

இந்தத் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல். மத்தியானம் பின்கதவை யாரோ தட்டினார்கள். மேலே ஆள் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார்கள். படியின் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறையும் கேட்டார்கள். பிறகு பெயிண்ட் பீய்ச்சும் சத்தம். "கோசோங்" என்றது ஒரு குரல். காலி என்று அர்த்தம். கதவை அடைக்க வியாழக்கிழமை கல் வந்துவிடும் என்றது இன்னொன்று. அவர்கள் போனபிறகு திறந்து பார்த்தேன். கதவில் சிவப்பாகப் பெருக்கல் குறி.

சாயங்காலம் அக்காவிடம் போய் நின்றேன். "நீங்க வந்து எனக்காகச் சொல்றீங்களா அக்கா?"

"வரேன் தம்பி. ஆனா ஒன் பேர நீதான் சொல்லணும்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். மாநகராட்சி அலுவலகத்தில் வரிசை இல்லை, இருந்திருந்தால் திரும்பியிருப்பேன். கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா என் முதுகில் கை வைத்தார்.

"குகன்," என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.